முயலுக்கு மார்க்கா, பிள்ளைக்கு மார்க்கா?

அமெரிக்காவில் கோடைக்காலத்தில் நடக்கும் கவுண்ட்டி பொருட்காட்சிகளில் முயல் கொட்டகை என்று ஒன்று இருக்கும். கவுண்ட்டி என்பது ஏறக்குறைய நம்ம மாவட்டம் மாதிரி. அந்தக் கொட்டகைக்குள் இரண்டு விதமான போட்டி நடக்கும். ஒன்றில் நடுவர் முயலைப் பார்த்து மதிப்பிடுவார். அதை வளர்த்த பிள்ளை "இது என்னுது" என்று காட்டிக்கொள்ளாமல் ஓரமாக நிற்க வேண்டும். இன்னொன்றில் அதே பிள்ளை மேஜை முன்னால் நின்று, முயலை மல்லாக்கப் பிடித்து, பல்லைக் காட்டி, நகத்தைக் காட்டி, எதை எதற்காகப் பார்க்கிறோம் என்று வாயால் சொல்லிக்கொண்டே போகும். இங்கே மார்க் முழுக்கப் பிள்ளைக்கு. முயல் சுமாரான முயலாக இருந்தாலும் முதல் பரிசு கிடைக்கலாம்.

ஒரே கொட்டகை, பல சமயம் ஒரே முயல், ஆனால் மார்க் ஷீட் இரண்டு. இது ஏன் என்று தேடப் போய்த்தான் இந்தக் கட்டுரை எழுதும் அளவுக்கு வந்து நிற்கிறேன். பிள்ளைகளுக்கு முயல் சங்கம், அதற்கு ஒரு கண்காட்சி என்றால் ஏதோ செல்லப்பிராணி விளையாட்டு மாதிரி தோன்றும். பின்னால் போய்ப் பார்த்தால் ஒரு பெரிய ஊக வியாபாரமும் அதன் சரிவும், ஒரு பள்ளிக்கூட அதிகாரியின் யோசனையும், நிலம் இல்லாத பிள்ளைகளின் கதையும் இருக்கிறது. இந்த இயக்கம் கண்டுபிடித்த உருப்படியான விஷயம் ஒன்று என்று எனக்குப் படுகிறது. பிராணியின் மதிப்பையும் பிள்ளையின் மதிப்பையும் தனித்தனியாக அளக்கப் பழகியதுதான் அது.

முயல் பித்து

19ஆம் நூற்றாண்டு முடிகிற நேரத்தில் அமெரிக்காவை ஒரு பித்து பிடித்தது. பெல்ஜியன் ஹேர் என்று ஒரு முயல் இனம். 'ஹேர்' என்றால் காட்டு முயல். ஆனால் இது அந்தச் சாதி இல்லை. காட்டு முயல் போல நீளமாக, ஒல்லியாக, செம்பழுப்பாகத் தெரியவேண்டும் என்று பார்த்துப் பார்த்து இனம் கூட்டிய வீட்டு முயல்தான். பெல்ஜியத்தில் தொடங்கி, இங்கிலாந்தில் மெருகேறி, அங்கிருந்து அமெரிக்காவுக்குக் கப்பலேறியது.

1898 முதல் 1901 வரை இதுதான் பேச்சு, குறிப்பாக லாஸ் ஏஞ்சலஸ் பக்கம். வீட்டுக் கொல்லையில் கூண்டு, நகரத்துக்குள் நூற்றுக்கணக்கான முயல் பண்ணைகள், இங்கிலாந்திலிருந்து பெயர் வாங்கிய கிடாய் முயல்கள், வம்சாவளிப் பத்திரங்கள். கணக்கும் கேட்க இனிமையாக இருந்தது. முயலின் சினைக்காலம் 31 நாள். ஒரு ஈற்றுக்கு ஆறு, எட்டு குட்டி. ஒரு ஜோடி வாங்கினால் வருஷக் கடைசியில் எத்தனை என்று பெருக்கிப் பார்த்தவர்கள் எல்லாரும் மனசுக்குள் பணக்காரர் ஆனார்கள்.

வாங்கியவர்கள் பெரும்பாலும் அடுத்தவருக்கு விற்பதற்காகவே வாங்கினார்கள் என்பதுதான் பிரச்சினை. விற்றதெல்லாம் 'இனப்பெருக்கத்துக்கான' முயல். சாப்பிடுகிறவன் யார், அவன் என்ன விலை கொடுப்பான் என்று யாரும் கேட்கவில்லை. கேட்கிற நாள் வந்தபோது விலை இறைச்சி விலைக்கு இறங்கிவிட்டது. ஈமு கோழிக் கதை தெரிந்தவர்களுக்கு இதற்குமேல் விளக்கம் தேவையில்லை.

பித்து தெளிந்த பிறகு மிஞ்சியவர்கள், முயல் மேல் உண்மையிலேயே ஆர்வம் உள்ளவர்கள், 1910இல் ஒரு தேசியச் சங்கம் அமைத்தார்கள். பெயர் பல தடவை மாறி, கடைசியில் அமெரிக்க முயல் வளர்ப்போர் சங்கம் என்று நின்றது. ஆங்கில எழுத்துகளில் சுருக்கமாக 'ஆர்பா' என்பார்கள். ஒவ்வொரு இனத்துக்கும் எழுதிவைத்த தர வரையறை, உரிமம் பெற்ற நடுவர், பதிவு எண் என்று ஆர்பா கட்டி எழுப்பிய அமைப்பைப் பார்த்தால், பெல்ஜியன் ஹேர் காலத்தில் எது எதெல்லாம் இல்லாமல் போயிற்றோ அதையெல்லாம் பட்டியல் போட்டுச் செய்த மாதிரி இருக்கும். விற்கிறவன் வாய்ச்சொல்லை நம்பவேண்டிய அவசியத்தைக் குறைப்பதுதான் அதன் வேலை.

அடித்தளத்தில் 30 பிள்ளைகள்

இதே காலத்தில், முயலுக்குச் சம்பந்தமே இல்லாமல், ஒஹாயோ மாநிலத்தில் இன்னொரு கதை ஓடிக்கொண்டிருந்தது. ஏ.பி.கிரஹாம் என்பவர் கிளார்க் கவுண்ட்டியில் ஸ்பிரிங்ஃபீல்ட் பகுதிப் பள்ளிகளின் மேற்பார்வையாளர். 1902 ஜனவரி 15 அன்று சுமார் 30 பிள்ளைகளை நீதிமன்றக் கட்டிடத்தின் அடித்தளத்தில் கூட்டி ஒரு சங்கம் தொடங்கினார். சோளம் பயிரிடுவது, தோட்டம் போடுவது, லிட்மஸ் தாளை வைத்து மண்ணில் அமிலம் இருக்கிறதா என்று பார்ப்பது, இவைதான் வேலை.

இதற்குப் பின்னால் ஒரு யதார்த்தமான காரணம் உண்டு. விவசாயக் கல்லூரிகளில் புது விதை, புது முறை எல்லாம் வந்துகொண்டிருந்தது. ஆனால் விவசாயி கேட்பதாக இல்லை. அப்பா செய்தபடிதான் செய்வேன் என்கிற ஆளிடம் போய் என்ன சொல்வது? பிள்ளையிடம் கொடுத்தால் அது செய்து பார்க்கும். வயலின் ஒரு மூலையில் பையன் போட்ட சோளம் அப்பா சோளத்தைவிட ஓங்கி வளர்ந்து நின்றால், அப்பா வாயைத் திறக்காமலே பாடம் படித்துக்கொள்வார். 1910இல் தென் கரோலினாவில் ஜெர்ரி மூர் என்ற சிறுவன் ஒரே ஏக்கரில் 228 புஷலுக்கும் மேல் சோளம் எடுத்தபோது நடந்தது இதுதான். சாதாரண விளைச்சலைப் போலப் பல மடங்கு அது. பெரியவர்கள் வந்து பையனிடம் கேட்டுத் தெரிந்துகொண்டார்கள்.

இந்தச் சங்கங்கள்தான் பின்னால் '4-எச்' என்ற பெயரில் ஒன்றானது. தலை, இதயம், கை, உடல்நலம் ஆகிய நான்குக்கும் ஆங்கிலத்தில் முதல் எழுத்து எச். சின்னம் நான்கு இலைக் குளோவர். 1914 மே மாதம் ஸ்மித்-லீவர் சட்டம் வந்து, பல்கலைக்கழகங்கள் கிராமத்துக்கு வந்து சொல்லிக்கொடுக்க அரசாங்கப் பணம் ஒதுக்கப்பட்டது. பிள்ளைகள் சங்கமும் அந்தக் குடையின் கீழ் வந்தது. இன்றும் 4-எச் நடப்பது நூற்றுக்கும் மேற்பட்ட பல்கலைக்கழகங்கள் வழியாகத்தான்.

ஒரு ஏக்கர் இல்லாத பிள்ளை

சோளச் சங்கத்தில் சேர ஒரு ஏக்கர் வேண்டும். கன்று வளர்க்கும் சங்கத்தில் சேரக் கன்று வாங்கக் காசு வேண்டும். நிலமும் காசும் இல்லாத வீட்டுப் பிள்ளை என்ன செய்யும்?

இந்தக் கேள்விக்கு முதல் பதில் பெண் பிள்ளைகளிடமிருந்து வந்தது. 1910இல் தென் கரோலினாவின் எய்க்கன் கவுண்ட்டியில் மேரி குரோமர் என்ற ஆசிரியை சிறுமிகளுக்குத் தக்காளிச் சங்கம் தொடங்கினார். ஆளுக்குப் பத்தில் ஒரு பங்கு ஏக்கர். விளைந்ததை டப்பாவில் அடைத்து விற்றார்கள். பணம் பிள்ளையின் கைக்கு வந்தது.

அந்தப் பாதையில் இன்னும் கீழே வந்தால் முயல். அதற்கு நிலமே வேண்டாம், ஒரு கூண்டு போதும். புல், வைக்கோல், தீவன வில்லை. சத்தம் போடாது, அக்கம்பக்கத்தில் சண்டை வராது. பத்து வயசுப் பிள்ளை தனியாகத் தூக்கலாம். மாட்டைத் தூக்க முடியுமா? இரண்டாம் உலகப் போரில் அமெரிக்காவில் மாட்டிறைச்சியும் பன்றி இறைச்சியும் ரேஷனுக்குப் போனபோது முயல் அந்தப் பட்டியலில் வரவில்லை. கொல்லையில் கூண்டு வைத்தவன் கெட்டிக்காரன் ஆனான். கலிஃபோர்னியாவின் ஃபான்ட்டனா ஊரில் மத்திய வேளாண் துறை முயலுக்கென்றே ஓர் ஆராய்ச்சி நிலையம் நடத்தியது. 1965 வரை ஓடியது. போருக்குப் பிறகு ஜனங்கள் கிராமத்தை விட்டு நகரத்தின் ஓரத்துக் குடியிருப்புகளுக்குப் போனார்கள். 4-எச்சும் கூடவே போனது. அங்கே கன்றுக்கு ஏது இடம்? முயலுக்கு இருந்தது.

ஆனால் கதவு எல்லாருக்கும் திறந்திருந்தது என்று எழுதினால் அது பொய். தென் மாநிலங்களில் கறுப்பினப் பிள்ளைகளுக்குத் தனிச் சங்கம், தனி முகாம், தனிப் போட்டி. டஸ்கீகியைச் சேர்ந்த தாமஸ் மன்ரோ கேம்பெல் 1906இலேயே கறுப்பின விவசாயிகளிடம் வேலை செய்ய நியமிக்கப்பட்ட முதல் அலுவலர். அவரைப் போன்றவர்கள் குறைந்த பணத்தில், குறைந்த ஆட்களோடு இணையான ஓர் அமைப்பையே நடத்தினார்கள். 1964இன் குடியுரிமைச் சட்டத்துக்குப் பிறகுதான் சட்டப்படி இந்தப் பிரிவினை முடிவுக்கு வந்தது. எந்தப் பிள்ளை எந்த மேஜைக்கு வரலாம் என்பதையே தோல் நிறம் தீர்மானித்த காலம் அது. மேஜையில் எப்படி மார்க் போடுவது என்று பேசும்போது இதையும் ஞாபகத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

காதில் ஒரு எண்

சரி, முயல் கண்காட்சி எப்படி நடக்கிறது? இங்கேதான் ஆர்பாவின் கதையும் 4-எச்சின் கதையும் ஒன்று சேர்கிறது.

முயலின் இடது காதில் உரிமையாளர் வைத்த எண் பச்சை குத்தியிருக்க வேண்டும். வலது காது ஆர்பாவின் பதிவு எண்ணுக்கு மட்டும். அதைச் சங்கத்தின் பதிவாளர் முயலைச் சோதித்துப் பார்த்துவிட்டுத்தான் குத்துவார். இடது காதில் எண் இல்லையா, எவ்வளவு அழகான முயலானாலும் தகுதி நீக்கம். டேட்டாபேஸ் வேலை செய்கிறவர்களுக்கு இது உடனே புரியும். பிரைமரி கீ இல்லாத ரெக்கார்டை உள்ளே விட்டால் பின்னால் எதையும் நம்ப முடியாது.

நடுவரிடம் வருவது அந்தக் காது எண் மட்டும்தான். யார் முயல் என்பது அவருக்குத் தெரியக்கூடாது. மேஜையில் வரிசையாகச் சிறு கூண்டுகள். ஒவ்வொன்றாக எடுத்து, பல் சரியாகப் பொருந்துகிறதா, நகத்தின் நிறம் சரியா, எழுதிக்கொடுத்த பால் சரிதானா என்று முதலில் பார்ப்பார். பிறகு உடல் அமைப்பு, ரோமம், நிறம், ஆரோக்கியம். ஏறக்குறைய ஐம்பது இனங்கள், ஒவ்வொன்றுக்கும் மொத்தம் 100 மார்க். எதற்கு எவ்வளவு என்பது இனத்துக்கு இனம் மாறும். இறைச்சி இனத்தில் உடல் அமைப்புதான் பெரும்பங்கு. நடுவர் வாய்விட்டுப் பேசிக்கொண்டே பார்ப்பார், பக்கத்தில் எழுத்தர் குறித்துக்கொள்வார். தோற்றவனுக்கும் ஏன் தோற்றோம் என்று காதில் விழும். கூடத்தில் எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம் இதுதான்.

இன்னொரு நுணுக்கமான விதி. ஒரு முயல் 'கிராண்ட் சாம்பியன்' ஆக மூன்று வெற்றிச் சான்றுகள் வேண்டும். அதில் குறைந்தது இரண்டு வேறு வேறு நடுவர்கள் தந்திருக்க வேண்டும். ஒவ்வொரு சான்றும் செல்ல, அந்தப் பிரிவில் குறைந்தது ஐந்து முயல்கள், மூன்று வேறு ஆட்களுடையவை, போட்டியிட்டிருக்க வேண்டும். அதாவது நானே ஐந்து முயலைக் கொண்டுபோய் எனக்கு நானே பட்டம் கட்டிக்கொள்ள முடியாது. பெல்ஜியன் ஹேர் காலத்துப் பத்திரங்களை ஒருமுறை நினைத்துப் பாருங்கள், இந்த விதியின் அருமை தெரியும்.

இளையோருக்கு ஆர்பாவில் தனிப் பிரிவு உண்டு. 19 வயதுக்குக் கீழே இருக்க வேண்டும். முயல் உண்மையிலேயே அந்தப் பிள்ளையுடையதாக இருக்க வேண்டும். 4-எச்சில் இன்னும் ஒரு படி மேலே. பொருட்காட்சிக்கு இத்தனை நாள் முன்பிருந்தே முயல் பிள்ளையின் பராமரிப்பில் இருக்க வேண்டும் என்று தேதி குறித்துவிடுவார்கள். முந்தின வாரம் அப்பா எங்கிருந்தோ நல்ல முயலாக வாங்கிவந்து கொடுத்து ரிப்பன் அடிக்கும் வேலையைத் தடுக்கத்தான்.

சங்கம் தொடங்குவது

முதலில் பெயர். 4-எச் என்ற பெயரையும் குளோவர் சின்னத்தையும் யாரும் எடுத்து ஒட்டிக்கொள்ள முடியாது. 1939 முதல் அந்தச் சின்னத்துக்கு மத்திய சட்டப் பாதுகாப்பு உண்டு. அதனால் முதல் வேலை கவுண்ட்டியின் விரிவாக்க அலுவலகத்துக்குப் போவது. பல மாநிலங்களில் குறைந்தது ஐந்து பிள்ளைகள் கேட்பார்கள். அவர்கள் ஒரே குடும்பமாக இருக்கக்கூடாது. பொறுப்பேற்கும் பெரியவர்களின் பின்னணியைச் சரிபார்த்த பிறகுதான் அனுமதி.

அதன்பிறகு பெரியவர்கள் கொஞ்சம் பின்னால் நகர்ந்துகொள்ள வேண்டும். தலைவர், செயலாளர், பொருளாளர் எல்லாம் பிள்ளைகள். தீர்மானம் கொண்டுவருவது, இன்னொருவர் வழிமொழிவது, கை தூக்கி ஓட்டுப் போடுவது, நடவடிக்கைக் குறிப்பு எழுதுவது எல்லாம் அவர்கள் வேலை. மாதம் ஒரு கூட்டம். அதில் ஒரு பிள்ளை எழுந்து நகம் வெட்டுவது எப்படி என்று செய்துகாட்டும். இன்னொன்று கோடை வெப்பத்தில் முயலைக் காப்பாற்ற உறைந்த தண்ணீர் பாட்டிலைக் கூண்டுக்குள் வைப்பதைச் சொல்லும்.

எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது கணக்கு நோட்டு. தீவனம் எத்தனை கிலோ, என்ன விலை, எந்தத் தேதியில் இணை சேர்த்தது, எத்தனை குட்டி, எத்தனை செத்தது, ஏன், கடைசியில் லாபமா நஷ்டமா. முயல் இதற்குத் தோதான பிராணி. கன்று வளர்த்தால் விடை தெரிய ஒன்றரை வருஷம். முயலில் சில மாதங்களுக்குள் ஆரம்பம், நடு, முடிவு மூன்றையும் பார்த்துவிடலாம்.

ஒரு உதாரணம். இறைச்சி முயல் போட்டியில் மூன்று முயல்களை ஒரு தொகுப்பாகக் காட்ட வேண்டும். ஒரே இனம், ஒரே நிறவகை. வயது 70 நாளைத் தாண்டக்கூடாது. ஒவ்வொன்றும் மூன்றரை முதல் ஐந்தரை பவுண்டு, அதாவது சுமார் 1.6 முதல் 2.5 கிலோ. மூன்றும் ஒரே அச்சில் வார்த்த மாதிரி இருந்தால் நல்லது. பொருட்காட்சி ஆகஸ்ட் 1 என்று வைத்துக்கொள்வோம். குட்டி மே 23க்கு முன்னால் பிறந்திருக்கக்கூடாது. அங்கிருந்து 31 நாள் பின்னால் போனால் ஏப்ரல் 22. இணை சேர்க்க அதுதான் கெடு. அதற்கு முன்னால் கூடாது, ரொம்பத் தள்ளிப் போட்டால் எடை வராது. 28ஆம் நாள், மே 20, குட்டி போடும் பெட்டியைக் கூண்டுக்குள் வைக்க வேண்டும். இல்லாவிட்டால் கம்பி வலையின் மேல் குட்டி விழுந்து குளிரில் செத்துவிடும். முடிவுத் தேதியிலிருந்து பின்னோக்கித் திட்டம் போடுவது எவ்வளவு கஷ்டம் என்று எங்கள் துறையில் எல்லாருக்கும் தெரியும். அதைப் பன்னிரண்டு வயசில், சினை முயல் ஒன்றை வைத்துக்கொண்டு, தள்ளிப்போட வழியே இல்லாத தேதியோடு கற்றுக்கொள்வது பெரிய விஷயம்தான்.

இரண்டு வகை ரிப்பன்

இப்போது முதலில் கேட்ட கேள்விக்கு வரலாம்.

முயல் கண்காட்சி என்பது தரவரிசை. முதல் இடம் ஒன்றுதான். கடைசியில் எல்லா இனத்து வெற்றியாளர்களையும் வைத்து ஒரே ஒரு முயலைப் பொறுக்குவார்கள். நல்ல முயல் பெரும்பாலும் நல்ல தாய் தகப்பனிடமிருந்து வரும், நல்ல தாய் தகப்பனுக்கு நல்ல விலை. ஆக, பணம் உள்ள வீட்டுக்கு இங்கே ஒரு அனுகூலம் இருக்கத்தான் செய்யும். காது எண்ணும் நடுவரின் உரிமமும் ஏமாற்றைத் தடுக்கும். பணத்தின் அனுகூலத்தைத் தடுக்காது.

4-எச் இதற்கு இரண்டு மாற்று வைத்தது. ஒன்று, டேனிஷ் முறை என்று அவர்கள் சொல்லும் மதிப்பீடு. இதில் ஒருவரை ஒருவரோடு ஒப்பிடுவது இல்லை. எழுதிவைத்த தரத்தோடு ஒப்பிட்டு நீலம், சிவப்பு, வெள்ளை என்று ரிப்பன். பத்துப் பேர் நன்றாகச் செய்திருந்தால் பத்துப் பேருக்கும் நீலம். ரொம்பச் சின்னப் பிள்ளைகளுக்கு, ஐந்து முதல் ஏழு வயது, போட்டியே கிடையாது. வந்து காட்டினாலே ரிப்பன்.

இன்னொன்று ஷோமேன்ஷிப். கட்டுரையின் தொடக்கத்தில் சொன்ன இரண்டாவது போட்டி அதுதான். பிள்ளை முயலின் தலையை முழங்கை மடிப்பில் மறைத்து, பின்பகுதியைத் தாங்கித் தூக்கிக்கொண்டு வர வேண்டும். காதைப் பிடித்துத் தூக்கினால் கதை முடிந்தது. மேஜையில் முன்கால் கண்ணுக்கு நேர் கீழேயும் பின்கால் இடுப்புக்கு நேராகவும் இருக்கும்படி உட்காரவைக்க வேண்டும். பிறகு காதில் பேன் பூச்சி உண்டா, கண்ணில் நீர் வடிகிறதா, மூக்கு ஈரமா, பல், தாடை, வயிறு, பாதத்தில் புண், நகம், பால் என்று ஒழுங்காகச் சோதித்துச் சொல்ல வேண்டும். முயல் உதைக்கும், கீறும். அப்போது பிள்ளை என்ன செய்கிறது என்பதையும் நடுவர் பார்ப்பார். பிறகு கேள்வி கேட்பார்.

இதைக் காசு கொடுத்து வாங்க முடியாது. தினமும் முயலைக் கையில் எடுத்த பிள்ளைக்குத்தான் முயல் அடங்கி உட்காரும். அப்பா செய்து கொடுத்த தெர்மோகோல் மாடலைப் பள்ளிக்கூடக் கண்காட்சியில் வைத்துவிட்டு, கேள்வி கேட்டால் முழிக்கிற பிள்ளைகளை நாம் எல்லாரும் பார்த்திருக்கிறோம். அந்த மேஜையில் மாடலுக்கு மார்க் போடுகிறார்கள், பிள்ளைக்குப் போடுவதில்லை. முயல் கொட்டகைக்காரர்கள் இந்த வித்தியாசத்தைப் பிடித்துக்கொண்டு அதற்கென்று தனி மேஜையே போட்டார்கள்.

கண்காட்சிக்குப் பிறகு

இவ்வளவும் நன்றாக இருக்கிறது. ஆனால் இறைச்சி முயல் போட்டியில் ஜெயித்த அந்த மூன்று முயல்கள் என்ன ஆகும்? பெரும்பாலும் பொருட்காட்சியின் கடைசியில் ஏலம். உள்ளூர்க் கடைக்காரர்கள் பிள்ளையை ஊக்குவிக்கச் சந்தை விலையைவிட அதிகம் கொடுத்து எடுப்பார்கள். அதன்பின் கசாப்பு.

இயக்கம் இதை மறைக்கவில்லை. இது வேளாண்மைக் கல்வி, இறைச்சி எங்கிருந்து வருகிறது என்று தெரிந்து வளரட்டும் என்பது அவர்கள் வாதம். அதில் ஒரு நேர்மை இருக்கிறது. பாக்கெட்டில் வாங்கிச் சாப்பிட்டுவிட்டு முயலுக்காகக் கண்ணீர் விடுவதைவிட நேர்மை. ஆனால் பத்து வாரம் தினமும் கையில் எடுத்து, பெயர் வைத்து, மேஜையில் அடங்கி உட்காரப் பழக்கிய பிள்ளை அது. ஷோமேன்ஷிப் மேஜை எந்தப் பாசத்தை வளர்க்கிறதோ, அதையே ஏல மேஜை முறித்துப் போடுகிறது.

2022இல் கலிஃபோர்னியாவின் ஷாஸ்டா கவுண்ட்டியில் இது வெடித்தது. முயல் இல்லை, ஆடு. 4-எச் திட்டத்தில் ஓர் ஆட்டை வளர்த்த ஒன்பது வயதுச் சிறுமி, ஏலத்துக்கு விடும் நேரத்தில் விட மனசில்லாமல் அழுதாள். வீட்டார் ஆட்டைத் திரும்பக் கொண்டுபோய்விட்டார்கள், பணத்தைக் கொடுத்துவிடுகிறோம் என்றார்கள். பொருட்காட்சித் தரப்பு ஒத்துக்கொள்ளவில்லை. ஷெரிஃப் அலுவலக ஆட்கள் நூற்றுக்கணக்கான மைல் வண்டி ஓட்டிப்போய் ஆட்டைப் பிடித்துவந்தார்கள். ஆடு வெட்டப்பட்டது. வழக்கு நடந்து, கடைசியில் 3 லட்சம் டாலர் கொடுத்துச் சமரசம் ஆனது.

விதி விதிதானே, கையெழுத்துப் போட்டாகிவிட்டதே என்று ஒரு தரப்பு சொன்னது. எனக்கு அந்த வாதத்தில் ஒரு ஓட்டை தெரிகிறது. இந்த இயக்கம் தன் முதல் நாளிலிருந்து சொல்லிவந்தது, முக்கியம் சோளம் அல்ல, சோளம் போட்ட பிள்ளை என்று. அதற்காகத்தான் தனி மேஜையே போட்டார்கள். அந்த ஒரு நாளில் மட்டும் பிள்ளையை ஓரமாக நிறுத்திவிட்டு ஆட்டுக்கு மட்டும் கணக்குப் பார்த்தார்கள். நல்ல சங்கங்கள் இதை ஆரம்பத்திலேயே கையாள்கின்றன. சேரும்போதே பிள்ளையிடம் நேராகக் கேட்டுவிடுவார்கள். இனப்பெருக்க முயலா, செல்ல முயலா, இறைச்சி முயலா, எதைத் தேர்ந்தெடுக்கிறாய், கடைசியில் என்ன நடக்கும் என்று தெரியுமா? முயலில் இந்த வசதி உண்டு. வீட்டில் வைத்துக்கொள்ளும் முயலோடும் முழு உறுப்பினராகப் போட்டியிட முடியும். ஆட்டுக்கடாவில் இது அவ்வளவு சுலபமில்லை.

முயல் இல்லாத கண்காட்சி

2020 இந்த அமைப்புக்கு நல்ல சோதனை வைத்தது. அந்த வருஷம் கோவிட் மட்டும் வரவில்லை. முயல்களைக் கொல்லும் ரத்தக்கசிவு வைரஸின் இரண்டாம் வகை அமெரிக்காவின் தென்மேற்கு மாநிலங்களில் காட்டு முயல்களிலும் வீட்டு முயல்களிலும் பரவியது. காலணியில், கையில், வைக்கோலில்கூட ஒட்டிக்கொண்டு போகக்கூடிய கிருமி. பல ஊர் முயல்களை ஒரு கொட்டகையில் கூட்டுவது தற்கொலைக்குச் சமம். கண்காட்சிகள் ரத்தாயின. அமெரிக்காவிலேயே தயாரான தடுப்பூசிக்கு அவசர அனுமதி கிடைத்தது 2021 கடைசியில்தான்.

முயல்களை ஒப்பிட்டு வரிசைப்படுத்தும் போட்டி இதில் அப்படியே நின்றுபோயிற்று. முயலைக் கையில் எடுக்காமல் நடுவரால் என்ன செய்ய முடியும்? ஆனால் பிள்ளைக்கான போட்டி நிற்கவில்லை. பல கவுண்ட்டிகளில் பிள்ளைகள் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் துண்டை விரித்து, தங்கள் முயலையே வைத்து, ஷோமேன்ஷிப் முழுவதையும் வீடியோ எடுத்து அனுப்பினார்கள். கணக்கு நோட்டுகளை மதிப்பிட்டார்கள். சில இடங்களில் நோய் பயத்தால் பொம்மை முயலை வைத்தே செய்துகாட்டச் சொன்னார்கள். பொம்மை முயலுக்கு மார்க் போட முடியாது. அதைத் தூக்கிப் பிடித்து, எங்கே என்ன பார்க்க வேண்டும் என்று சொல்கிற பிள்ளைக்குப் போடலாம்.

பிள்ளைகளுக்காக ஒரு சங்கம் தொடங்க நினைப்பவர்கள், அது முயலோ செஸ்ஸோ கோடிங்கோ எதுவானாலும், இந்தச் சோதனையைத் தங்கள் போட்டிக்கும் வைத்துப் பார்க்கலாம். மேஜை மேல் இருக்கும் பொருளை எடுத்துவிட்டால், மார்க் போட ஏதாவது மிச்சம் இருக்கிறதா? இருந்தால் அந்தச் சங்கம் பிள்ளைகளுக்காகத்தான் நடக்கிறது.